சில்லுகள் சொல்லும் சரித்திரம்



ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் என்னும் இரண்டு பெயர்களையும் பல்கலைக்கழகங்களின் பெயர்களாக நான் அறிந்தது பிற்காலத்தில். சிறு வயதில் அவை எனக்குக் கார்களின் பெயர்கள். யாழ்ப்பாணத் தெருக்களில் வாடகைக்கு ஓடிய பழைய பிரித்தானியக் கார்களுள் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டும் இருந்தது, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் இருந்தது. என் பெரியப்பா வைத்திருந்தது ஒரு மொறிஸ் ஒக்ஸ்போர்ட். ஊரிலே கலியாணம் என்றாலும் ஆஸ்பத்திரி என்றாலும் அந்தக் காரைத்தான் முதலில் தேடி வருவார்கள்.

1990ஆம் ஆண்டு யூன் மாதம் மீண்டும் போர் மூண்டது. வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அப்போது எனக்குப் பதினொரு வயது. கார்கள் எல்லாம் இனிக் கொட்டிலில் உறங்கப் போகின்றன என்று பலர் நினைத்தார்கள். ஆனால் எங்கள் கராச்சுக்காரர்கள் அவற்றை உறங்க விடவில்லை. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்குவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி விடுவார்கள். கரும்புகை கக்கிக்கொண்டு கார் புறப்படும். இதில் மாயம் ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. சூடான எஞ்சினில் ஆவியாகும். பழைய எஞ்சின்களில் அழுத்தம் குறைவாதலால் அவை தரங்குறைந்த எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. இங்கிலாந்தின் வயல்களில் பழைய பேர்குசன் உழவு இயந்திரங்களும் இவ்வாறே பெற்றோலில் புறப்பட்டுப் பின்னர் மலிவான எண்ணெயில் ஓடின. அங்கே அதைத் தொழிற்சாலையே செய்து கொடுத்தது. இங்கே தேவை செய்து கொடுத்தது.

பெரியப்பாவின் காரைப் பார்த்துவந்த மெக்கானிக் அண்ணையிடம் ஒருநாள் கேட்டேன்:

"அண்ணை, இதிலை எல்லாத்தையும் மாத்திப்போட்டியள். இனி இது பழைய காரோ?"

அவர் கையிலிருந்த திறப்பைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"வருத்தத்திலை கிடந்து சுகப்பட்டு எழும்பின ஆளை வேறை ஆள் எண்டு சொல்லுறதோ, தம்பி?"

அந்தக் கேள்வியும் அந்த மறுமொழியும் இன்றுவரை என்னோடு வருகின்றன. பழையதொன்றை மீட்டெடுத்தல் என்றால் என்ன? எவ்வளவு மாற்றலாம்? எதை மாற்றக்கூடாது? இந்த வினாக்களை மனத்திற் கொண்டு, வேறோர் 'ஒக்ஸ்போர்ட்'டின் வரலாற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அது காரன்று; லாண்ட் றோவர். காடும் மலையும் ஆறும் கடந்து, லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை தரைவழியே சென்ற வாகனம்.

அதன் பிறப்பைச் சொல்வதற்கு முன் ஜீப்பின் பிறப்பைச் சொல்ல வேண்டும். 1940ஆம் ஆண்டு, ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருந்தபோது, அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களிடம் ஒரு சிறு வாகனம் கேட்டது. பாரங் குறைந்ததாகவும் நான்கு சில்லுகளுக்கும் விசை செல்வதாகவும் அது இருக்க வேண்டும். மாதிரி வாகனத்தை 49 நாள்களில் ஒப்படைக்க வேண்டும். அந்தத் தவணைக்குள் செய்து முடித்தது பென்சில்வேனியா மாநிலத்தின் பண்டம் என்னும் சிறிய நிறுவனம். கார்ல் புறொப்ஸ்ற் என்ற பொறியியலாளர் ஓரிரு நாள்களிலேயே அதன் வரைபடங்களை வரைந்து கொடுத்தார். ஆனால் சிறிய நிறுவனத்தால் பேரளவில் உற்பத்தி செய்ய இயலாது என இராணுவம் கருதியது. பெரும் எண்ணிக்கையிற் செய்யும் வாய்ப்பு வில்லிஸ் நிறுவனத்துக்கும் போர்ட் நிறுவனத்துக்கும் சென்றது. 1945இல் போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உலகின் பல பாகங்களிலும் பரவிவிட்டன.

நான்கு சில்லுகளுக்கும் விசை செல்வதால் என்ன பயன்? சாதாரண காரில் எஞ்சினின் விசை இரண்டு சில்லுகளுக்கு மட்டுமே செல்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு கூடிய தூரம் ஓட வேண்டும். அதற்கு இடங்கொடுப்பதற்காக அச்சின் நடுவே டிபரென்சல் என்னும் பற்சில்லுத் தொகுதி வைக்கப்பட்டிருக்கிறது. தெருவில் நன்மை செய்யும் அந்த அமைப்பு சேற்றிலே பகையாகிவிடும். ஒரு சில்லு வழுக்கத் தொடங்கினால் அந்தச் சில்லே சுழன்று சுழன்று குழி பறிக்கும். தரையைப் பற்றி நிற்கும் மற்றச் சில்லோ அசையாது நிற்கும். முன் அச்சுக்கும் விசையைக் கொடுத்தால், பின்சில்லு தோற்ற இடத்தில் முன்சில்லு இழுக்கும். இதனோடு இரண்டாவது கியர்ப் பெட்டியொன்றும் சேர்க்கப்பட்டது. அதைத் தாழ்ந்த நிலையில் இட்டால் வாகனம் மனிதன் நடக்கும் வேகத்தில், ஆனால் பெரும் வலுவோடு, மலையேறும். காடு கடக்கும் வாகனத்தின் இரகசியம் வேகமன்று, நிதானமே.

போர் முடிந்தது. இங்கிலாந்தின் றோவர் நிறுவனத்தில் தலைமைப் பொறியியலாளராக இருந்தவர் மோறிஸ் வில்க்ஸ். வேல்சின் அங்கிள்சித் தீவில் அவருக்குப் பண்ணை நிலம் இருந்தது. போரின் பின் மலிவாக விற்கப்பட்ட ஜீப் ஒன்றை வாங்கிப் பண்ணை வேலைக்குப் பயன்படுத்தினார். அது தேய்ந்து போனால் அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு ஈடான வாகனம் வேறெதுவும் அன்று இல்லை. 1947இல், தம் அண்ணனும் நிறுவனத்தின் நிருவாகியுமான ஸ்பென்சரோடு அங்கிள்சிக் கடற்கரையில் நின்றபோது, மணலிலே ஒரு கோட்டுப்படம் வரைந்து தம் எண்ணத்தை அவர் விளக்கினார் என்பது அந்நிறுவனத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

முதன்முதற் செய்து பார்த்த மாதிரி வாகனம் ஒரு ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயே அமைக்கப்பட்டது. அதன் சுக்கான் நடுவில் இருந்தது. வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் ஒரே வண்டியை விற்கலாம் என்ற எண்ணம். அது வசதிப்படாமையால் விற்பனைக்கு வந்த வண்டிகளில் கைவிடப்பட்டது. ஆகவே உலகப் புகழ்பெற்ற லாண்ட் றோவரின் தொடக்கமே பழையதொரு வாகனத்தை மாற்றியமைத்ததில் தான் இருக்கிறது.

அன்றைய பிரித்தானியாவில் உருக்கு பங்கீட்டில் இருந்தது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வோருக்கே கூடுதலாகக் கிடைக்கும். அலுமினியமோ போர் விமானத் தொழிலின் பின் தாராளமாகக் கிடைத்தது. எனவே உடற்றகடுகளை பேர்மாபிரைற் என்னும் அலுமினியக் கலப்புலோகத்தாற் செய்தார்கள். விலையுயர்ந்த அச்சுகள் வாங்கப் பணமில்லாததால், அடிச்சட்டத்தைத் தட்டையான உருக்குத் தகடுகளை ஒட்டிப் பெட்டிபோல் அமைத்தார்கள். இல்லாமையிற் பிறந்த இந்த இரண்டு முடிவுகளுமே அவ்வாகனத்துக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தன. உடல் கறள் பிடிக்காது. அடிச்சட்டத்தை எந்தக் கிராமத்துக் கொல்லனும் ஒட்டித் திருத்தலாம்.

1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அம்ஸ்ரடாம் நகரில் நடந்த மோட்டார்க் கண்காட்சியில் லாண்ட் றோவர் அறிமுகமாயிற்று. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே 80 அங்குலம், 1.6 லீற்றர் எஞ்சின். ஏறத்தாழ 50 குதிரைவலு. விலை 450 பவுண். உழவுக்கும் நீரிறைக்கவும் மரம் அரியவும் எஞ்சினின் விசையை வெளியே எடுக்கும் வசதியும் அதில் இருந்தது. சில ஆண்டுகள் ஓட்டிச் சமாளிப்போம் என்று தொடங்கிய வாகனம், றோவர் கார்களின் விற்பனையையே விஞ்சியது. அந்தப் பரம்பரையின் கடைசி வாகனம் சொலிஹல் தொழிற்சாலையிலிருந்து 2016ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் வெளிவந்தது. 68 ஆண்டுகளில் வெளிவந்தவை இருபது இலட்சத்துக்கும் அதிகம். எங்கள் மலையகத்துத் தோட்டப் பாதைகளில் ஏறி இறங்கியவையும் அவற்றுட் சில.

இனி 'ஒக்ஸ்போர்ட்'டின் கதைக்கு வருவோம்.

1955ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி லண்டன் ஹைட் பார்க் முனையிலிருந்து இரண்டு லாண்ட் றோவர்கள் புறப்பட்டன. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் அவற்றில் இருந்தனர். சிங்கப்பூர் வரை தரைவழியே செல்வது அவர்கள் நோக்கம். அந்த வழி முழுவதையும் அதற்கு முன் எவரும் வாகனத்தில் கடந்ததில்லை. ஒரு வாகனத்துக்குக் கருநீலம். அதன் பெயர் 'ஒக்ஸ்போர்ட்'. மற்றதற்கு இளநீலம், அதன் பெயர் 'கேம்பிரிட்ஜ்'. அவை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் நிறங்கள்.

அந்த ஆறு பேரும் செல்வந்தர்கள் அல்லர். வாகனங்களையும் உணவையும் எரிபொருளையும் நிறுவனங்களிடம் கேட்டுக் கேட்டே பெற்றார்கள். பீ.பீ.சி. தொலைக்காட்சியில் அன்று இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அற்றன்பரோ படச்சுருள்களைக் கொடுத்து உதவினார். படம் பிடித்தவர் அன்ரனி பறிங்ரன் பிறவுண். இப்பெயரை நேயர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அவர் எடுத்த ஒரு படத்தை உயிரியல் படித்த மாணவர் பலர் கண்டிருப்பர். 1953இல் வொற்சனும் கிறிக்கும் மரபணுவின் ஏணி போன்ற மாதிரியின் அருகே நிற்கும் அந்தப் புகழ்பெற்ற படம் அவர் எடுத்ததே. குழுவில் இருந்த ஏட்ரியன் கோவல் பிற்காலத்தில் அமேசன் காடுகளின் அழிவைப் படமாக்கிப் பெயர் பெற்றார். ரிம் சிலெசர் பயண நூலை எழுதினார். அது 1957இல் வெளிவந்தது.

வாகனங்கள் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே புறப்படவில்லை. நெடும்பயணத்துக்காக அவற்றை மாற்றியமைத்தார்கள். சேற்றிலும் ஆற்றிலும் அகப்பட்டால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளக் கம்பிவடம் சுற்றும் வின்ச், மேலதிக எரிபொருட் கலங்கள், கூரையின் மேல் சாமான் தட்டு, மேலதிக விளக்குகள் என்பன சேர்ந்தன. இவை அலங்காரங்கள் அல்ல. ஒவ்வொன்றும் வழியில் நேரக்கூடிய ஒரு துன்பத்துக்கு முன்கூட்டிச் சொன்ன விடை.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாகனத்தை மாற்றியமைப்பதில் எதுவும் இலவசமில்லை. பெரிய ரயர் பூட்டினால் நிலத்திலிருந்து உயரம் கிடைக்கும். ஆனால் சில்லைச் சுழற்றும் அரையச்சின் மேற் சுமை கூடும், அது முறியவும் கூடும். வில்லுகளை உயர்த்தினால் கல்லும் கட்டையும் தட்டாது. ஆனால் சரிவில் வாகனம் குடைசாயும் அபாயம் பெருகும். கூரையிற் பாரம் ஏற்றினாலும் அவ்வாறே. வலுக்கூடிய எஞ்சினைப் பொருத்தினால், பழைய பிறேக் அதை நிறுத்தப் போதாது; பழைய கியர்ப் பெட்டி அதைத் தாங்காது. ஒன்றை மாற்றுபவன் அதனோடு தொடர்புடைய நான்கை மாற்ற வேண்டியவனாகிறான். செய்யுளிலே ஒரு சொல்லை மாற்றினால் எதுகையும் மோனையும் தளையும் எங்கெங்கோ தட்டுவது போல.

ஐரோப்பாவைக் கடந்து, துருக்கி, சிரியா, ஈராக், ஈரான், பாகிஸ்தான் வழியாக அவர்கள் இந்தியாவை அடைந்தனர். இந்தியா வரை முன்னரும் சிலர் வாகனத்தில் வந்திருந்தனர். அப்பால் பர்மா. அங்கேதான் எல்லோரும் தடைப்பட்டனர்.

அசாமின் லீடோவிலிருந்து பாங்சாவ் கணவாய் வழியாகப் பர்மாவுக்குள் ஒரு பாதை இருந்தது. இரண்டாம் உலகப் போரில் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் சீனாவுக்கான தரைவழி அடைபட்டது. அதற்கு மாற்றாக 1942 டிசெம்பரில் அமெரிக்கர் இப்பாதையை வெட்டத் தொடங்கினர். அதனை முன்னின்று நடத்திய தளபதியின் பெயரால் பின்னர் அது ஸ்ரில்வெல் பாதை எனப்பட்டது. வேலை செய்த அமெரிக்கப் படையினருட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அவர்களோடு இந்தியரும் பர்மியருமாகப் பல்லாயிரம் கூலியாள்கள் உழைத்தனர். மழையும் மலேரியாவும் மண்சரிவும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கரின் உயிரைக் கொண்டன. 1945 ஜனவரியில் பாதை திறந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் போர் முடிந்தது. பின் பாதையைப் பேணுவாரில்லை. பாலங்களை ஆறு கொண்டுபோயிற்று. மீதியைக் காடு கொண்டது.

அந்த மலைகளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1942இல் பர்மாவை விட்டு இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். கப்பல் கிடையாதவர்கள் கால்நடையாக மலைகளைக் கடந்தனர். பாங்சாவ் கணவாய்க்குச் செல்லும் ஹூகாங் பள்ளத்தாக்கும் அவ்வழிகளில் ஒன்று. மாரி மழையிற் சேறும் பசியும் நோயும் ஆயிரக்கணக்கானோரை வழியிலேயே வீழ்த்தின. அப்போது அங்கே தெருவும் இல்லை, வாகனமும் இல்லை. ஒரு வாகனத்தின் வெற்றியைப் பாடும்போது, அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்களையும் நினைப்பது எங்கள் கடமை.

பதின்மூன்று ஆண்டுகளின் பின் அதே மலைகளில் இரண்டு லாண்ட் றோவர்களும் ஏறின. பாலமில்லாத ஆறுகளில் இறங்கிக் கடந்தன. பர்மாவும் தாய்லாந்தும் மலாயாவும் கடந்து, 1956ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் சிங்கப்பூரை அடைந்தன. புறப்பட்டு ஆறு மாதமும் ஐந்து நாள்களும்.

வெற்றி பெற்ற வாகனங்களுக்கு என்ன நேர்ந்தது? 'கேம்பிரிட்ஜ்' பின்னர் வேறொரு குழுவோடு ஈரானுக்குச் சென்றது. அங்கே மலைப்பள்ளத்தில் வீழ்ந்து அழிந்தது. 'ஒக்ஸ்போர்ட்' பறவை ஆய்வாளர் குழுவொன்றோடு அத்திலாந்திக் சமுத்திரத்தின் அசென்சன் தீவுக்குப் போனது. அங்கிருந்து சென் ஹெலெனாத் தீவுக்குச் சென்றது. நெப்போலியன் சிறைவைக்கப்பட்டு 1821இல் இறந்தானே, அதே தீவு. அங்கே கைமாறிக் கைமாறி உழைத்தது. ஈற்றில் ஓட்டமின்றிக் கிடந்தது. உலகம் அதை மறந்தது.

2017இல் அது கப்பலேறி இங்கிலாந்துக்குத் திரும்பியது. பழைய லாண்ட் றோவர்களைச் சேகரிக்கும் ஒருவர் அதைப் பெற்று மீண்டும் ஓடச் செய்தார். எஸ்.என்.எக்ஸ். 891 என்ற பழைய இலக்கத் தகட்டோடு அது தெருவில் இறங்கியது.

பழைய லாண்ட் றோவரை மீட்பது எளிதன்று. உடல் அலுமினியமாதலால் வெளியே பார்ப்பவர்களுக்கு நோய் தெரியாது. அடிச்சட்டமோ உருக்கு. பெட்டிபோன்ற அதன் உள்ளே நீரும் சேறும் தங்கி, உள்ளிருந்தே கறள் அரித்துக்கொண்டு வரும். வெளியே ஓட்டை தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள மறிப்புச் சுவரும், கால் வைக்கும் இடத்தில் முதலில் உக்கும். அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொடும் இடங்களில், ஈரம் பட்டால், அலுமினியமே அரிபட்டு வெண்பொடியாகும். திருத்துபவன் முதலிற் செய்ய வேண்டியது சுத்தியலாலே தட்டித் தட்டி ஓசை கேட்பது. நல்ல உருக்கு ஒலிக்கும். உக்கிய உருக்கு மந்தமாகச் சொல்லும்.

தட்டிப் பார்த்த பின்புதான் பெரிய வினா எழுகிறது. எவ்வளவை வைத்துக்கொள்வது? இருவகைப்பட்ட மரபு இதில் உண்டு. புதுத் தகடும் புதுச் சாயமும் பூசி, தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்ததுபோல் ஆக்குவது ஒன்று. அடிபட்ட அடையாளத்தையும் மங்கிய சாயத்தையும் அப்படியே விட்டு, ஓடுவதற்கு வேண்டியதை மட்டும் திருத்துவது மற்றது. 860001 என்ற அடிச்சட்ட இலக்கம் கொண்ட, விற்பனைக்காகச் செய்யப்பட்ட முதல் லாண்ட் றோவர், வட இங்கிலாந்தின் வயலொன்றில் பல ஆண்டு கிடந்து மீட்கப்பட்டது. அதனை இரண்டாவது முறையிலேயே திருத்தினார்கள். அதன் உடலில் உள்ள நெளிவுகளும் கீறல்களும் இன்றும் அதன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

தமிழாசிரியனாகிய எனக்கு இதைக் கேட்டபோது எங்கள் பதிப்பாசிரியர்களே நினைவுக்கு வந்தார்கள். சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடிச் சேர்த்து 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஏடு முறிந்த இடத்தில் நல்ல பதிப்பாசிரியன் தானே ஓர் அடி பாடி ஒட்ட மாட்டான். கிடைக்கவில்லை என்று இடைவெளி விடுவான். ஆனால் ஏட்டை ஏடாகவே பெட்டியில் வைத்துப் பூட்டவும் மாட்டான். படிப்போர் கையிற் செல்லும்படி அச்சாக்குவான். வாகனத்தை மீட்பவனுக்கும் இரு கடமைகள். பழையதைப் பொய்யாக்கக்கூடாது, ஓடாமலும் விடக்கூடாது. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் வாகனம் ஓலைக்கட்டைப் போல. ஓடும்போதுதான் அது நூலாகிறது.

'ஒக்ஸ்போர்ட்' ஓடியது. 2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள், இம்முறை சிங்கப்பூரிலிருந்து லண்டனை நோக்கி அது புறப்பட்டது. முதற் பயணத்தில் இருந்த ரிம் சிலெசர் 87 வயதில் மீண்டும் அதில் அமர்வதற்காகச் சிங்கப்பூர் வந்திருந்தார். புறப்படும் வேளையில் நோயுற்றார், செல்ல முடியவில்லை. அவருடைய இடத்தில் அவரது பேரன் ஏறிக்கொண்டான். 111 நாள்களின் பின், அதே ஆண்டு டிசெம்பர் 14ஆம் நாள் அறுபத்து நான்கு வயது வாகனம் லண்டனை அடைந்தது. வாகனத்தின் உறுப்புகள் மாறியிருந்தன, ஓட்டியவர் மாறியிருந்தார். ஆயினும் அதனை வேறு வாகனம் என்று எவரும் சொல்லவில்லை. எங்கள் மெக்கானிக் அண்ணை அன்று சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கிற்று.

ஆனால் ஒன்றை மீட்க முடியவில்லை. பாதையை. 1955இல் அவர்கள் சிரியாவையும் ஈராக்கையும் கடந்து வந்தார்கள். 2019இல் அவ்வழியே எவரும் உல்லாசமாகப் போக முடியாது. 2019இல் திறந்திருந்த பர்மாவோ, 2021இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின் உள்நாட்டுப் போரில் மூழ்கியது. இரும்பை ஒட்டலாம், அறுந்த வழியை ஒட்டுவது எளிதன்று. இது எங்களுக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏ-9 வீதி ஆண்டுக்கணக்கில் மூடப்பட்டுக் கிடந்தபோது கிளாலிக் கடலில் வள்ளமேறிப் போனவர்கள் நாங்கள். அவ்வீதி 2002இல் திறந்தது. 2006இல் மீண்டும் மூடியது. 2009இல் போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. நான்கு சில்லுக்கும் விசை செல்லும் வாகனம் ஆற்றைக் கடக்கும், மலையைக் கடக்கும். மனிதர் வைத்த தடையை அது கடக்காது.

பெரியப்பாவின் மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கக்கூடும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் மாலையில் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. எனக்கு அப்போது பதினாறு வயது. காருக்கு மண்ணெண்ணெய் இருந்தது. ஆனால் தெருவிலே கார் செல்ல இடமில்லை. சனம் தோளோடு தோள் நெருங்கி நின்றது. பெரியப்பா காரைக் கொட்டிலில் விட்டு, கதவைப் பூட்டி, திறப்பை மடியிற் செருகிக்கொண்டு எங்களோடு நடந்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கொட்டிலில் உடல் மட்டுமே நின்றது. சில்லு இல்லை, எஞ்சின் இல்லை. யார் எடுத்தார் என்று எவருக்கும் தெரியாது. திறப்பு மட்டும் பெரியப்பாவிடம் இருந்தது.

பல ஆண்டுகள் அந்த உடல் வேப்பமரத்தடியில் நின்றது. பெரியப்பா காலமான பின், வளவைத் துப்புரவாக்க வேண்டும் என்று சொன்னார்கள். பழைய இரும்பு வாங்குபவர் வந்தார். கிலோக் கணக்கில் நிறுத்துக் கொண்டுபோனார். நான் அப்போது பட்டதாரி. ஆசிரியப் பயிற்சியும் முடித்திருந்தேன். பாடசாலையிலே பழஞ்சுவடிகளைப் பேண வேண்டும் என்று மாணவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன். எங்கள் வளவில் ஒரு சுவடி லொறியில் ஏறியபோது நான் வாய் திறக்கவில்லை. ஒரு தீவிலே அறுபது ஆண்டுகளின் பின்னும் ஒரு வாகனத்தைத் தேடிச் சென்ற மனிதரைப் பற்றிப் படித்தபோது முதலில் எனக்கு வந்தது வியப்பன்று, வெட்கம்.

போரின் பின் எங்கள் பகுதியிலிருந்து பழைய கார்கள் பல போய்விட்டன. சில சேகரிப்பாளரிடம் சென்று வாழ்கின்றன. பல உருக்காலைக்குப் போயின. இன்னும் சில கொட்டில்களில் எங்கேனும் ஓர் ஏ-40 நிற்கலாம். மலையகத்துத் தோட்டமொன்றில் சில்லிழந்த லாண்ட் றோவர் ஒன்று நிற்கலாம். அவற்றையெல்லாம் மீட்டு ஓட்டுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். விற்பதானாலும், விற்குமுன் ஒரு படம் எடுத்து வையுங்கள். அடிச்சட்ட இலக்கத்தையும் பதிவிலக்கத்தையும் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதுங்கள். யார் வாங்கினார், எந்தக் கலியாணத்துக்குப் போனது, எந்த இரவில் எந்தத் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றது, மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர் யார் என்பவற்றை, அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். எங்கள் கராச்சுக்காரர்களின் கைவண்ணம் எந்தச் சரித்திர நூலிலும் இல்லை.

பெரியப்பாவின் காருக்கு அவ்வாறான கொப்பி ஒன்றை இப்போது நான் எழுதி வருகிறேன். இதுவரை பதினான்கு பக்கங்கள். முதற் பக்கத்தில் அந்தத் திறப்பை ஒட்டி வைத்திருக்கிறேன்.